இழுக்கிற மூச்சு, தள்ளுகிற மூச்சு

வென்டிலேட்டர் படிக்கப் போனபோது முதலில் கற்றது இது: நாம் காற்றை உள்ளே இழுக்கிறோம்; எந்திரம் தள்ளுகிறது. நோயாளி கொஞ்சம் இழுத்தாலும் அதை உணர்ந்து துணைக்கு வரும். நீ காலனியா, ஊரா என்று கேட்காது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி எந்திரங்கள் போதாதபோது, சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள்.

படிக்கப் படிக்க எங்க சித்தப்பா ஞாபகந்தான். பாதாளச் சாக்கடையில இருந்து தூக்கிட்டு வந்தப்போ அவருக்கும் இதே எந்திரம் வச்சாங்க, ஒரு குறையுமில்ல. பிராணவாயு இல்லாமல் மூளை செத்திருந்தது. கடைசி மூன்று நாள் கிடைத்த இந்தச் சமத்துவத்துக்கு நான் நன்றி சொல்லணுமா? பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறங்கும்போது அவர் முகமூடி கேட்டாராம். "அஞ்சு நிமிஷ வேலைதானே"ன்னாராம் மேஸ்திரி.