இரண்டு பச்சை, ஒரு சிவப்பு

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் சென்னையில் மூன்று மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். போன வாரம் டீக்கடையில் பார்த்தபோது செல்போனை நீட்டினான். திரையில் மூன்று கட்டங்கள். இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு.

''மூணு கடையும் இப்ப என் பாக்கெட்லடா! எந்த நிமிஷம் எவ்வளவு வித்திருக்கு, எல்லாம் தெரியும். அந்த சிவப்புக் கடை பார்மசிஸ்ட்டை மாத்திடலாம்னு இருக்கேன். ஆறு மாசமா டார்கெட்டைத் தொடவே இல்லை.''

''ஏன்னு அவர்கிட்ட கேட்டியா?''

''அதான் இதுலயே தெரியுதே!''

இந்தத் திரைக்கு டாஷ்போர்டு என்று பெயர். சுவாரஸ்யமான வார்த்தை. ஆதியில் அது குதிரை வண்டியின் முன்னால் வைத்த ஒரு தடுப்புப் பலகை. குதிரையின் குளம்பு வாரியடிக்கிற சேறு, சவாரி செய்பவர் மேல் தெறிக்காமல் இருக்க! பிறகு காருக்குப் போய், அங்கிருந்து முதலாளிகளின் திரைக்கு வந்துவிட்டது. சேறு படாமல் காப்பாற்றும் பழைய வேலையை மட்டும் அது இன்னும் விடவில்லை என்று தோன்றுகிறது.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு, கார்டு, கடன் என்று ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டு கட்டவேண்டும் என்பது இலக்கு. ஆங்கிலத்தில் 'எய்ட்'டும் 'கிரேட்'டும் ஓசையில் ஒத்துப்போக, அதுவே கோஷமாகிவிட்டது. மேலிடத்துக்குப் போன எண்கள் எல்லாம் அழகாக இருந்தன. 2016-ல் குட்டு உடைந்தது. வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் ஊழியர்கள் கணக்குத் திறந்திருக்கிறார்கள்! முதலில் 20 லட்சம் என்றார்கள். மறு வருடம், 35 லட்சம் வரை இருக்கலாம் என்றார்கள். 2020-ல் வழக்குகளை முடிக்க வங்கி கட்டிய தொகை மட்டும் 300 கோடி டாலர்.

இத்தனைக்கும் 2013-லேயே 'லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ்' இதை எழுதிவிட்டது. எழுதிய நிருபர் திரையை மட்டும் நம்பி எழுதவில்லை. ஊழியர்களிடமே பேசினார். (நம்ம தொழில்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.)

ஐந்து வருடங்களில் சுமார் 5,300 பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தது வங்கி. வருடத்துக்கு நூற்றில் ஒருவர். 'ஒரு சதவிகிதம்தானே!' என்று மேலிடம் ஆறுதலாக இருந்தது. மாட்டிக்கொண்டவர்களின் எண்ணிக்கையைத் தப்பு செய்தவர்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டார்கள்.

யார் குற்றவாளி? கவுன்ட்டரில் இருந்தவர் பொய் சொன்னார், வேலை போய்விடுமே என்ற பயத்தில். மேலே இருந்தவர் கவுன்ட்டரில் உட்காரவில்லை. இலக்கு வைத்தார், பார்த்தார், சந்தோஷப்பட்டார். தெரியாமல் இருந்தது குற்றமா? தெரிந்துகொள்ள வசதி இருந்தும் கேட்காமல் இருந்தது, கவுன்ட்டர்காரரின் பொய்யைவிடப் பெரிய தப்பு என்பேன். வங்கியின் தலைவராக இருந்த ஜான் ஸ்டம்ப்ஃபுக்கு 2020-ல் 1.75 கோடி டாலர் அபராதமும், வங்கித் தொழிலில் வாழ்நாள் தடையும் கிடைத்தன.

நான் எண்களுக்கு எதிரி இல்லை. மூன்று கடைக்காரன் மூன்றிலும் ஒரே நேரத்தில் உட்கார முடியுமா? ஆனால், முதல் வருட அக்கவுன்டன்சியிலேயே சொல்லித் தந்தார்கள்: டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. எழுதாமலே விட்ட பில், அதில் தெரியாது. நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட பாடம்தான்.

''வா, போய்ப் பார்க்கலாம்'' என்று சிவப்புக் கடைக்கு இழுத்துப் போனேன். ஓரமாக நின்றோம். ஒரு பையன் வந்து ஆன்டிபயாடிக் பெயரைச் சொன்னான்.

''சீட்டு இருக்கா தம்பி?''

''இல்ல சார், போன தடவை சாப்பிட்டதுதான்.''

''டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. சீட்டு இல்லாம தரக்கூடாது.''

பையன் முறைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனான். கால் மணி நேரத்தில் இன்னொருவர், தூக்க மாத்திரைக்கு. அதே பதில். அவரும் எதிர்க்கடைக்கே போனார்.

நண்பன் பேசவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன்: ''அப்போ, மத்த ரெண்டு கடை எப்படிடா பச்சையா இருக்கு?''

செல்போனை எடுத்தான். பார்க்காமலே மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

''இந்தக் கடைக்கு வாடகையே நாற்பதாயிரம்டா'' என்றான்.