முதுமைக்கு ஏற்ற ஆஹாரமும் விஹாரமும்

ஸ்ரீமத் பகவத்கீதையின் 6-ஆம் அத்தியாயம் தியான யோகத்தை உபதேசிக்கிறது. தனிமையான இடத்தில் ஆசனம் அமைத்து, உடலையும் தலையையும் நேராக நிறுத்தி, மனத்தை ஒருமுகப்படுத்தும் முறையை விளக்கி வரும் பகவான், 16, 17-ஆம் சுலோகங்களில் உணவையும் உறக்கத்தையும் எடுத்துக்கொள்கிறார். மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் கைகூடாது. பட்டினி கிடப்பவனுக்கும் கைகூடாது. ஆஹாரம், விஹாரம், செயல், உறக்கம், விழிப்பு ஆகிய அனைத்திலும் அளவறிந்து நிற்பவனுக்கே யோகம் துன்பத்தைத் துடைக்கும் என்பது அவருடைய அருள்வாக்கு.

ஆஹாரம் என்பது உள்ளே செல்வது. உணவும் பானமும் அதில் அடங்கும். விஹாரம் என்பது நடமாட்டம், உலாவுதல். இவ்விரண்டையும் ‘யுக்தம்’ என்ற ஒரே சொல்லால் பகவான் இணைக்கிறார். யுக்தம் என்றால் பொருத்தமானது, அளவானது என்று பொருள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒன்றில் தவறினால் மற்றொன்றால் ஈடு செய்துகொள்ளலாம் என்று அவர் கூறவில்லை. இரண்டும் தனித்தனியே யுக்தமாக இருக்க வேண்டும் என்பதே கருத்து.

முதுமையில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். “இன்று அரை மணி நேரம் நடந்தாயிற்று, இன்னொரு காப்பி குடித்தால் தோஷமில்லை” என்று ஒருவர் கணக்குப் போடுகிறார். “காப்பியையே விட்டுவிட்டேன், நடை எதற்கு?” என்று மற்றொருவர் நிம்மதி அடைகிறார். உடல் இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்வதில்லை.

கல்பாத்தியின் படிகள்

பாலக்காட்டில், கல்பாத்திப் புழையின் கரையில் விசுவநாதசுவாமி ஆலயம் அமைந்திருக்கிறது. ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்பது அங்கு வழங்கும் முதுமொழி. தெருவிலிருந்து படிகளில் இறங்கித்தான் சந்நிதியை அடைய வேண்டும். அதனால் ‘குண்டுக்குள்ளே கோயில்’ என்ற பெயரும் அதற்கு உண்டு. இறங்கியவர் திரும்ப ஏறியும் ஆக வேண்டும்.

அந்த அக்ரஹாரத்தில் வாழும் ஒரு பெரியவரை மனத்தில் கொள்வோம். வயது எழுபத்து நான்கு. அதிகாலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும். முதல் டிகாக்‌ஷன் இறங்கும் மணம் மூக்கை எட்டும்வரை நாமஸ்மரணம் ஓடாது. ஆறு மணிக்கு இரண்டாவது, பதினொரு மணிக்கு மூன்றாவது, பிற்பகலில் நான்காவது, விருந்தினர் வந்தால் ஐந்தாவது. எஞ்சிய பொழுது திண்ணையிலும் சாய்வு நாற்காலியிலும் கழியும். இரவில் உறக்கம் பிடிப்பதில்லை; பகலில் சோர்வு; சோர்வு நீங்க மீண்டும் காப்பி. இப்படியே சில ஆண்டுகள் சென்றபின், ஒரு நாள் ஆலயத்தின் மேற்படியில் நின்றவருக்கு முழங்கால்கள் நடுங்கின. அன்று முதல் மேலே நின்றபடியே கைகூப்பிவிட்டுத் திரும்புகிறார். காப்பி ஒரு வேளையும் தவறவில்லை. சந்நிதி தரிசனம் தவறிவிட்டது.

அவருக்கு நேர்ந்தது என்ன? காப்பியில் உள்ள காஃபீன் உடலை விட்டு மெல்லவே நீங்குகிறது. உட்கொண்டதில் பாதி குறைவதற்குச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணிக்கு அருந்தியதில் பாதி, இரவு ஒன்பது மணிக்கும் இரத்தத்தில் இருக்கிறது. வயது ஏற ஏற உறக்கம் இயல்பாகவே மெலிகிறது. மெலிந்த உறக்கத்தை இது மேலும் கலைக்கிறது. மற்றொரு புறம், பயன்படுத்தாத தசை முதுமையில் விரைந்து தேய்கிறது. தொடையின் வலுவும் உடலின் சமநிலையும் குன்றும்போது படி ஏறுவது கடினமாகிறது. கீழே விழும் அபாயமும் பெருகுகிறது. உறக்கம் கெட்டதற்குக் காப்பி காரணமாகலாம். கால் தளர்ந்ததற்கு நாற்காலி காரணம். காப்பியை மட்டும் நிறுத்தினால் கால் வலுப்பெறாது. நடையை மட்டும் கூட்டினால் மாலைக் காப்பி கலைத்த உறக்கம் திரும்பாது.

காப்பி நஞ்சு அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, காப்பி புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று முன்பு கொண்டிருந்த ஐயத்தை 2016-இல் விலக்கிக்கொண்டது. ஆனால் 65 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தை அருந்துவதும் உணவுக்குழாய்க்குத் தீங்காகலாம் என்று அப்போதே எச்சரித்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் கூடாது என்கின்றன. 150 மில்லிலிட்டர் வடிகட்டிய காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை காஃபீன் உண்டு என்பதும் அவற்றின் கணக்கு. சிக்கரி கலந்த தூளில் அந்த அளவு சற்றுக் குறையும். ஆயினும் ஐந்து டம்ளர் என்பது எல்லையைத் தொடும் பழக்கமே. சர்க்கரையையும் மறக்கலாகாது. டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி என்றால், ஐந்து டம்ளரில் 40 கிராமுக்கும் மேல் சேர்ந்துவிடும்.

மலைச்சரிவின் பாட்டி

அதே கேரளத்தின் கிழக்கு எல்லையில், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலைப் பகுதிகளில் வேறொரு முதுமையைக் காணலாம். தேயிலைத் தோட்டங்களிலும் ஏலக்காய்த் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. லயத்து வீட்டில் வாழும் ஒரு பாட்டியை எண்ணிப் பார்ப்போம். இளமை முதல் முதுகில் கூடையுடன் சரிவுகளில் ஏறி இறங்கியவர். “தினமும் நட” என்று அவரிடம் கூறினால் சிரித்துவிடுவார். அவருடைய முழங்கால்கள் உட்கார்ந்து தளர்ந்தவை அல்ல, உழைத்துத் தேய்ந்தவை.

அவருடைய காப்பியும் வேறு. பால் இல்லாத கட்டங்காப்பி. அதில் ஒரு துண்டு வெல்லம். காலைப் பசிக்கு அதுவே உணவு. மாலைப் பசிக்கும் அதுவே. ‘சர்க்கரை இல்லை, வெல்லந்தானே’ என்ற ஆறுதலும் உண்டு. மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. எனினும் சர்க்கரை நோயாளிக்கு வெல்லமும் சர்க்கரையே. சூடான காப்பி பசியை அடக்குகிறதே தவிர, தசைக்கு வேண்டிய புரதத்தைத் தருவதில்லை. உணவை ஒட்டிக் குடித்தால், உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கிறது. அதனால்தான், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் காப்பி, தேநீர் வேண்டாம் என்று அந்த நெறிமுறைகள் கூறுகின்றன.

கல்பாத்திப் பெரியவருக்கு மிகுதி நோய். மலைச்சரிவுப் பாட்டிக்குக் குறைவு நோய். மிகினும் குறையினும் நோயே என்பதைத் திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் தெளிவாக்கியிருக்கிறார். பெரியவருக்கு யுக்தம் என்பது எழுந்து நடப்பது. பாட்டிக்கு யுக்தம் என்பது காப்பிக்கு முன் ஒரு பிடி உணவு, மூட்டுகளுக்கு இதமான அசைவு, போதிய ஓய்வு. ஒருவருடைய மருந்து மற்றவருக்குப் பொருந்தாது. இதனால்தான் பகவான் இத்தனை கவளம், இத்தனை காதம் என்று அளவு விதிக்காமல், யுக்தம் என்ற சொல்லோடு நிறுத்தினார் போலும்.

அடிகள் காட்டிய வழி

பாலக்காட்டை அடுத்த அகத்தேத்தறையில் 1923-இல் டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் தொடங்கிய சபரி ஆசிரமத்துக்குக் காந்தியடிகள் வந்திருக்கிறார். பள்ளி நாட்களில் உடற்பயிற்சி வகுப்பை வெறுத்த அவர், திறந்தவெளியில் நடப்பதன் நன்மையைப் புத்தகத்தில் படித்து அதைப் பழக்கமாக்கிக்கொண்டார். தம் உடல் உறுதி பெற்றது அந்த நடையால்தான் என்று சுயசரிதையில் குறிப்பிடுகிறார். 1930-இல் தண்டிக்கு ஏறத்தாழ 385 கிலோமீட்டர் தூரத்தை 24 நாட்களில் நடந்தபோது அவருக்கு வயது 60. 1942-இல் சிறையில் இருந்தபடி உடல்நலம் குறித்து எழுதியபோது, தேநீரும் காப்பியும் உடலுக்குத் தேவையானவை அல்ல என்று பதிவு செய்தார்.

அடிகளைப் போலக் காப்பியை அறவே துறப்பது எல்லோராலும் இயலாது. எல்லோருக்கும் அது கட்டாயமும் அன்று. அவரிடம் கற்க வேண்டியது வேறு. எந்தப் பழக்கத்தையும் அவர் வழக்கத்துக்காக வைத்துக்கொள்ளவில்லை. ‘இது தேவையா?’ என்று விசாரித்தே ஏற்றார், விசாரித்தே விட்டார். கடோபநிஷதம் உடலைத் தேராகவும், இந்திரியங்களைக் குதிரைகளாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கிறது. விழித்தவுடன் டம்ளரை நோக்கி ஓடுவது குதிரை. ‘சற்றுப் பொறு’ என்பது சாரதி.

அன்றாடம் செய்யத்தக்கவை

பழக்கத்தை ஒரே நாளில் வெட்ட வேண்டாம். பல ஆண்டுகள் அருந்தியவர் திடீரென்று நிறுத்தினால், ஓரிரு நாட்களில் கடும் தலைவலியும் எரிச்சலும் தோன்றும். வாரத்துக்கு ஒரு டம்ளராகக் குறைத்து வரலாம். முதலில் விட வேண்டியது மாலைக் காப்பி. நல்லுறக்கம் அதன் பலன். தைராய்டு மாத்திரை உண்பவர்கள் அதை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, காப்பிக்குக் குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

நடையைப் பொறுத்தவரை, 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறிமுறைகள் கூறுகின்றன. வாரம் இரு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சியும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் அவற்றில் அடங்கும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வது முதல் பயிற்சிக்கு உதவும். சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்பது இரண்டாவதற்கு உதவும். ஆலயப் பிரதக்ஷிணமே நடையாக அமைந்தால் நாமமும் அதனுடன் சேரும். மலைநாட்டுக் குளிரில் வெயில் ஏறியபின் நடப்பது நலம். இதய நோய், மூட்டு நோய் உடையவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். மார்பு வலியோ மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை நாட வேண்டும்.

அந்தப் பெரியவரும் தொடங்கலாம். விழித்தவுடன் ஒரு குவளை வெந்நீர். பத்து நிமிட நாமஜபம். தெருக்கோடி வரை மெல்லிய நடை. அதன்பின் முதல் காப்பி. காப்பி அங்கேயே இருக்கும். அதன் இடந்தான் மாறியிருக்கும். சில மாதங்கள் சென்றபின், கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக இறங்கி, விசுவநாதரை அருகில் நின்று அவர் தரிசிக்கக்கூடும். சரீரத்தைப் பேணுவது அந்தத் தரிசனத்துக்காகவே. நாளை காலை டம்ளரைக் கையில் எடுக்கும் முன், ஒரு முறை இறைவன் நாமத்தைச் சொல்லி, “இன்று நடந்தேனா?” என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.