பணிதலும் பலமும்

மல்யுத்தத்தில் தோள்கள் இரண்டும் மண்ணில் பதிந்தால் ஆட்டம் முடிந்தது. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் பாதி வித்தை அங்கேதான் தொடங்குகிறது. மல்லாந்து கிடப்பவர் கால்களால் எதிராளியின் இடுப்பைக் கவ்விக்கொள்கிறார். ‘கார்டு’ எனப்படும் இந்த நிலையில், கீழே இருப்பவரே மேலே இருப்பவரின் கழுத்தை இறுக்கலாம், கைமூட்டைப் பூட்டலாம். பணிதல் பலவீனமா என்ற பழைய சமயக் கேள்வி இங்கே உடம்பாலேயே கேட்கப்படுகிறது.

இக்கலையின் வேர் ஜப்பானில் இருக்கிறது. 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆற்றலை வீணாக்காமல் பயன்படுத்துவதையும் தானும் பிறரும் சேர்ந்து உயர்வதையும் அடிப்படைக் கொள்கைகளாக வைத்தார். அவருடைய பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசில் சென்றார். அவரிடமிருந்து அந்நாட்டின் கிரேசி குடும்பத்துக்கு வந்த வித்தையை, மெலிந்த உடல்வாகு கொண்ட ஹெலியோ கிரேசி முதலானோர் தரைப்பிடிகளில் கூர்மைப்படுத்தினர்.

பயிற்சியில் முதலில் இடம், பிறகுதான் பூட்டு. எதிராளியை அசையவிடாத நிலையைப் பிடிக்காமல் கழுத்துக்குப் பாய்வது அவசரம். ஒரு பிடியை இணையருடன் மெதுவாகப் பலமுறை செய்து பழகிய பின், ‘ரோலிங்’ எனும் மெய்யான மோதலில் அதைச் சோதிக்கிறார்கள். குத்தும் உதையும் இல்லாததால் இதை அன்றாடம் செய்ய முடிகிறது. வலி எல்லை தாண்டுமுன் எதிராளியின் உடம்பிலோ விரிப்பிலோ தட்டினால், பிடித்தவர் உடனே விட்டுவிட வேண்டும். தட்ட மறுப்பவருக்கு மூட்டு முறியலாம். தட்டியவர் அடுத்த நிமிடமே எழுந்து மறுபடி மோதுவார். கறுப்புப் பட்டை பெறப் பலருக்குப் பத்தாண்டு ஆகிறது. அந்த ஆண்டுகளில் தட்டாத நாள் அரிது.

பலமும் பணிவும் சேர்ந்திருப்பதை நம் மரபும் அறியும். வட இந்திய மல்யுத்தக் கூடங்களின் தெய்வம் அனுமன். நாமக்கல்லில் அவர் பதினெட்டு அடி உயரத்தில், மேற்கூரை இல்லாமல், கைகூப்பி நிற்கிறார். மல்லர் தெய்வத்துக்கு இதைவிடப் பொருத்தமான கோலம் வேண்டாம். சுந்தர காண்டத்தில் இந்திரசித்தின் பிரம்மாஸ்திரத்துக்கு அவர் கட்டுப்படுகிறார். அரக்கர்கள் கயிற்றால் கட்டியதும் அஸ்திரத்தின் பிடி தானாக நீங்கியது என்கிறார் வால்மீகி. அப்போதும் அனுமன் திமிறவில்லை. இராவணனை நேரில் காண்பது அவர் நோக்கம். நாமக்கல்லில் அவர் சிலைக்கு எதிரே, மலையைக் குடைந்த எட்டாம் நூற்றாண்டு நரசிம்மர் குடைவரையில், கடைசிவரை பணியாத இரணியன் நரசிம்மரின் பிடியில் கிடக்கிறான்.

பக்தியின் சரணாகதியும் இந்தத் தட்டலும் ஒன்றல்ல. பக்தர் தம்மைவிடப் பெரிய ஒன்றிடம் முழுமையாகத் தம்மை ஒப்படைக்கிறார், திரும்பப் பெறுவதில்லை. தட்டுபவர் தம்மை ஒத்தவரிடம் ஒரு கணம் மட்டும் பணிகிறார். ஆனால் இரண்டிலும் அகந்தை இறங்காமல் எதுவும் நடவாது.

கழுத்தை நெரிக்கக் கற்பது அகிம்சைக்கு ஒவ்வாதே என்ற மறுப்பு நியாயமானது. அதற்கான விடை பிடித்தவரின் கையில் இருக்கிறது. இணையர் தட்டியதும் விடுகிற கை பயில்வது அடக்கத்தை. விடாத கை பயில்வது இம்சையை. சேலத்திலோ நாமக்கல்லிலோ பிள்ளையை இத்தகைய வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், கோப்பைகளை எண்ணுவதற்கு முன், அங்கே தட்டியவுடன் பிடி விடப்படுகிறதா என்று ஒரு மாலை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.