மனச்சான்றும் மக்கள் தீர்ப்பும்

மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஒருவர் மக்களின் எண்ணத்தைப் பின்பற்ற வேண்டுமா, தமது மனச்சான்றைப் பின்பற்ற வேண்டுமா? அரசியல் அறவியலின் இப்பழைய வினாவுக்கு உரைகல்லாக அமைந்தது ஐக்கிய அமெரிக்காவின் றொபேட் லா பொலெற்றின் (1855–1925) வாழ்வு.

விஸ்கொன்சின் மாநிலத்திற் பிறந்து, அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1879 இல் பட்டம் பெற்று, சட்டத்தரணியாகத் தொழில் தொடங்கிய அவர் 1901 இல் மாநில ஆளுநரானார். வேட்பாளரைக் கட்சித் தலைவர்கள் தமக்குள் கூடித் தீர்மானித்த வழக்கத்தை ஒழித்து, அவ்வுரிமையை வாக்காளரிடம் ஒப்படைக்கும் சட்டம் அவரது முயற்சியால் 1904 இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டது. மக்கள் தீர்ப்பே மேலானது என்பது அவரது அரசியலின் அடித்தளமாகும்.

1917 ஏப்ரல் 4 ஆம் நாள், ஜேர்மனிக்கு எதிரான போர்ப் பிரகடனத்தைச் செனற் சபையில் 82 பேர் ஆதரித்தனர். எதிர்த்த அறுவருள் லா பொலெற் ஒருவர். அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் ஆற்றிய உரையொன்று செய்தித்தாள்களிற் பிழையாக வெளிவந்தது. அவரைச் சபையிலிருந்து நீக்குமாறு கோரிக்கைகள் குவிந்தன. அவர் கற்ற பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களே 400 பேருக்கு மேல் கண்டன அறிக்கையில் ஒப்பமிட்டனர்.

மக்களாட்சி பேசியவரே மக்களை மீறினார் என்பது முரணாகத் தோன்றலாம். ஆயின், போர்முனையில் மடியப்போகும் ஏழைகளுக்குத் தம் விருப்பத்தை எடுத்துரைக்க அமைப்போ பத்திரிகையோ இல்லை. அவர்களைக் கேளாது முடிவுசெய்தல் தகாது என்பதே அவரது வாதம். மக்களின் ஆரவாரம் வேறு. மக்களின் தீர்ப்பு வேறு. மறுப்புரையையும் கேட்ட பின்னரே தீர்ப்புப் பிறக்கும்.

தமது எண்ணமே மக்களின் மெய்யான விருப்பமென எவரும் கூறிக்கொள்ளலாமே எனச் சிலர் வினவுவர். கூறலாம். அதனாலேயே அவ்வாறு கூறுபவர் மீண்டும் மக்கள்முன் நின்று கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவராகிறார். 1919 இல் அவர்மீதான குற்றச்சாட்டைச் செனற் சபை 50க்கு 21 என்ற வாக்குகளால் தள்ளுபடி செய்தது. 1922 இல் விஸ்கொன்சின் மக்கள் அவரைப் பெரும்பான்மை வாக்குகளால் மீண்டும் தெரிவுசெய்தனர்.

எனினும், அவ்வெற்றி அவரது முடிவைச் சரியாக்கியது எனக் கொள்ளலாகாது. 1922 இல் அவர் தோற்றிருப்பினும், 1917 இல் பேசவேண்டிய கடமை சிறிதும் குறைந்திராது. நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டியது அந்த நானூறு ஒப்பங்களைப் பற்றியே. சிந்திக்கக் கற்பிப்போரும் ஆரவாரத்தைத் தீர்ப்பெனக் கொண்டுவிடின், மறுப்புரை சென்று தங்குவதற்கு வேறு இடம் யாது?