நுரை சுமந்து கடலேகும் தென்பெண்ணை



நீரை வடிகட்டிப் பருகுதல் நம் இல்லங்களில் வழிவழியாக வரும் ஒழுக்கம். துணியில் தங்கிய நுண்ணுயிர்களை அந்நீராலேயே அலசி, முகந்த நீர்நிலையிலேயே ஊறின்றி விடுதலும் அதன் பகுதியே. நீர்நிலைக்கு நாம் திருப்பித் தருவது உயிராக இருத்தல் வேண்டும், நஞ்சாக இருத்தலாகாது.

இதனை மனத்திற்கொண்டு தென்பெண்ணையை நோக்குவோம். கர்நாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றும் இந்நதி, ஓசூருக்கருகே தமிழகத்தினுள் நுழைந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, கடலூரையடுத்து வங்கக்கடலில் கலக்கிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வடிநீரும் இதனையே சேர்கிறது. 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றியது. மழைக்காலங்களில் கெலவரப்பள்ளி அணை திறக்கப்படுங்கால் வெண்ணுரை மலைபோல் பொங்குவதைப் பல்லாண்டுகளாகக் காண்கிறோம்.

சுத்திகரிக்கப்படாத சாக்கடையும், சோப்புப் பொருள்களும், ஆலைக்கழிவும் இதன் காரணங்கள். சாக்கடையிலுள்ள சத்துகளால் பாசி பெருகும், அது மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு குறையும், மீன்கள் மடியும். ஆற்றில் நிகழ்வதே கழிமுகத்திலும் கரையோரக் கடலிலும் நிகழும். கடலை மாசுறுத்துவனவற்றுள் பெரும்பகுதி நிலத்திலிருந்தே செல்கிறது.

பெண்ணை கடலைச் சேரும் அக்கடலூர் நமக்குப் புதிதன்று. அங்குள்ள திருப்பாதிரிப்புலியூரே பண்டைய பாடலி என்றும், தீவுகளையும் கடல்களையும் விரித்துரைக்கும் லோகவிபாகத்தைச் சர்வநந்தி முனிவர் கி.பி. 458இல் நிறைவு செய்தது அவ்விடமே என்றும் ஆய்வாளர் கூறுவர்.

‘தொழில் நடத்துவோர் ஹிம்சையை முற்றும் தவிர்த்தல் இயலுமோ?’ எனச் சிலர் வினவலாம். தவிர்க்கவியலாத் தொழில்வழி ஹிம்சையை உத்யோகி என்றும், எண்ணிச் செய்வதைச் சங்கல்பி என்றும் நம் ஆசாரியர் பிரித்தனர். இல்லறத்தார் சங்கல்பி ஹிம்சையைக் கட்டாயம் துறத்தல் வேண்டும். சுத்திகரிக்க வழியிருந்தும், செலவு கருதி, அறிந்தே கழிவை ஆற்றில் விடுதல் எவ்வகையைச் சேரும்? அதனை உத்யோகி என்று கூறித் தப்ப இயலாது. குழாயைத் திறப்பவர் செய்கிறார், ஏவுபவர் செய்விக்கிறார், மிஞ்சிய பணத்தில் மகிழ்பவர் உடன்படுகிறார். மூவரையும் வினை பற்றும்.

பரிகாரம் யாது? உடற்கழிவையும் உயிரற்ற இடம் தேர்ந்தே நீக்கும் நம் முனிவரின் உத்சர்க்க சமிதியே வழிகாட்டி. ஆலை நடத்துவோர் கழிவுநீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்துவாராக. பணிபுரிவோர் முறைகேட்டிற்குத் துணை போகாதிருப்பாராக. இரு மாநில நகரங்களும் சாக்கடையைச் சுத்திகரித்தே விடவேண்டுமென, 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் துணைகொண்டு நாம் ஒன்றுகூடிக் கேட்போம். இல்லத்தில் சோப்புத்தூளை அளவோடு பயன்படுத்தி, எண்ணெயும் பிளாஸ்டிக்கும் சாக்கடையிற் சேராது காப்போம்.

வரும் தசலக்ஷண நாள்களில் இதனை ஒரு நியமமாக ஏற்போம். குடத்து நீரில் காட்டும் கருணை ஆற்றையும் எட்டட்டும். ஆற்றின் வழியே கடலையும் எட்டட்டும்.

வாழ்க அகிம்சை! வளர்க நல்லறம்!