எண்ணிக்கையும் அறமும்: சுவீடன் நாட்டுக் கரடி வேட்டை பற்றி ஒரு நோக்கு

வேட்டை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுக்கிடையே நிகழ்வன. உயிர்க்கொலை எவ்விடத்தும் தீது என்பது ஒன்று. திருக்குறளின் கொல்லாமை அதிகாரம் முதலாகத் தமிழ் அறநூல் மரபு வற்புறுத்துவது இதனையே. மற்றையது, ஓர் இனத்தின் தொகை குன்றாதிருக்குமாயின் அதிற் சிலவற்றைக் கொல்வதால் எவ்வித இழப்புமில்லை என்பது. இன்றைய அரசுகளின் வேட்டைச் சட்டங்கள் பெரிதும் இந்த இரண்டாவது நிலைப்பாட்டின் மீதே கட்டப்பட்டுள்ளன. முதலுக்குச் சேதமின்றி வட்டியை மட்டும் எடுத்துச் செலவிடுவது போன்றதொரு கணக்கு அது. இக்கணக்கு சரியானதுதானா என்ற வினாவைக் கொல்லாமையாளர் மட்டுமன்றி, வேட்டையைக் கொள்கையளவில் ஏற்றுக்கொள்வோரும் எதிர்கொண்டேயாக வேண்டும்.

இவ்வினாவை ஆராய்வதற்குச் சுவீடன் நாட்டுப் பழுப்புக் கரடிகளைப் போலத் தக்க சான்று கிடைப்பது அரிது. 1984ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்கந்திநேவியக் கரடி ஆய்வுத் திட்டத்தின் கீழ் அங்கு கரடிகள் தனித்தனியே அடையாளமிடப்பட்டு, தாயும் குட்டியும் பேரக்குட்டியுமாகப் பின்தொடரப்பட்டு வந்துள்ளன. கரடியைக் கொன்றவனுக்கு அரசே சன்மானம் வழங்கிய நாடு அது. 1893இல் அவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 1930ஆம் ஆண்டளவில் எஞ்சியிருந்தவை ஏறக்குறைய 130 கரடிகளே. அயல்நாடான நோர்வே சன்மான முறையை மேலும் நெடுங்காலம் கைவிடாதிருந்து, இனம்பெருக்கும் கரடிக் கூட்டத்தையே இழந்தது. சுவீடனிலோ பாதுகாப்பு உரிய வேளையில் வந்தது. 1943இல் கட்டுப்பாடான வேட்டை மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னரும் தொகை பெருகி, 2008இல் 3,300 வரை உயர்ந்தது. வேட்டையும் பாதுகாப்பும் ஒருங்கே இயலும் என்பதற்கு இதனைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை எனப் பலர் கருதியதில் வியப்பில்லை. பின்னர் வேட்டை ஒதுக்கீடுகள் உயர்த்தப்பட்டன. 2023ஆம் ஆண்டில் மட்டும் 722 கரடிகள் கொல்லப்பட்டன. தொகை 2,400 அளவுக்கு இறங்கியது. எனினும் இவ்வீழ்ச்சியை ஒருபுறம் வைத்துவிடலாம். தொகை குறைந்தது தவறென்றால் ஒதுக்கீட்டைக் குறைத்தால் தீர்ந்தது. தொகை குறையாதிருந்தாலும் எஞ்சி நிற்கும் சிக்கலே அறவியலுக்குரியது.

குட்டியுடன் திரியும் தாய்க்கரடி இணைசேர்வதில்லை. குட்டிகளை இழந்துவிட்டாலோ சில நாட்களிலேயே மீண்டும் இணைசேரத் தயாராகிவிடும். எனவே தனக்குப் பிறவாத குட்டிகளைக் கொல்லும் ஆண் கரடிக்கு அதனால் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. நெடுநாள் ஒரு நிலப்பரப்பில் வாழும் ஆண், அங்குள்ள குட்டிகள் பலவற்றுக்குத் தந்தையாக இருக்கும். அதனால் அவற்றுக்கு அதனிடமிருந்து ஆபத்துக் குறைவு. அந்த ஆணை வேடன் சுட்டு வீழ்த்தினால் அவ்விடத்துக்குப் பிற ஆண்கள் வருகின்றன. 1997இல் ஆய்வாளர் வெளியிட்ட முடிவுகளின்படி, வளர்ந்த ஆண்கள் கொல்லப்பட்ட பகுதிகளில் குட்டிகள் பிழைக்கும் வீதம் தெளிவாகக் குறைந்தது. ஆண் இறந்து ஒன்றரை ஆண்டு கழிந்த பின்னரும் இவ்விளைவு காணப்பட்டது. வட அமெரிக்காவில் இவ்வாறான விளைவு தெளிவாகத் தென்படவில்லை என்று வாதிட்டோரும் உளர். ஆதலால் இதனை எல்லாக் கரடிகளுக்கும் பொதுவான விதியாகக் கொள்வதற்கில்லை. சுவீடனைப் பொறுத்தவரை சான்று வலுவானது.

அந்தக் குட்டியைக் கொன்றது யார்? கடித்துக் குதறியது இன்னொரு கரடி. வேடன் அதனைக் கண்டதுமில்லை, விரும்பியதுமில்லை. கருதிச் செய்த செயலுக்கும், கருதாது முன்னறிந்த விளைவுக்கும் வேறுபாடு உண்டென்று மேலைத்தேய அறவியலாளர் நெடுங்காலமாகக் கூறிவந்துள்ளனர். அவ்வேறுபாடு பயனுள்ளதே. ஆனால் அது பொறுப்பைக் குறைக்குமேயன்றி அழித்துவிடாது. 1950ஆம் ஆண்டில் ஓர் ஆண் கரடியைச் சுட்ட வேடனுக்கு அடுத்த வேனிலில் நிகழப்போவதை அறியும் வழி இருக்கவில்லை. 1997இன் பின்னர் ஒதுக்கீட்டை வகுக்கும் அதிகாரிக்கு அந்த வழி உண்டு. செயல் ஒன்றே, அறிவு மாறியதால் அதன் அறப்பெறுமானமும் மாறிவிட்டது. விஞ்ஞானம் அறத்தைப் பற்றி எதுவும் கூறாது என்போர் இவ்விடத்தைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். எது சரியென்று விஞ்ஞானம் கூறாதிருக்கலாம். ஆனால் ‘தெரியாது செய்தேன்’ என்று கூறும் உரிமையை அது பறித்துவிடுகிறது.

இதனினும் நுட்பமான இன்னொரு விளைவு உண்டு. சுவீடனின் சட்டம் குட்டியோடு நிற்கும் தாயைச் சுடுவதைத் தடைசெய்கிறது. இரக்கத்தில் எழுந்த சட்டம், குறைகூற முடியாதது. ஆயினும் அச்சட்டத்தின் பயனாகத் தனித்துத் திரியும் பெண் கரடி சுடப்படும் வாய்ப்பு, குட்டியோடிருப்பதைவிட நான்கு மடங்காயிற்று. அங்கு தாய்க்கரடிகள் வழக்கமாகத் தம் குட்டிகளை ஒன்றரை ஆண்டு வளர்த்துப் பிரிந்துவிடும். சில தாய்கள் மட்டும் மேலும் ஓராண்டு உடன் வைத்திருக்கும். முன்பு இவ்வாறு செய்தவை நூற்றுக்கு 7. 2005 முதல் 2015 வரையான காலத்தில் இது நூற்றுக்கு 36 ஆக உயர்ந்ததென 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது. இரண்டாண்டுக்கொருமுறை ஈனும் தாய்க்குப் பதிலாக மூன்றாண்டுக்கொருமுறை ஈனும் தாயே மிகுதியாகப் பிழைத்து நிற்கிறது. குறைவாக ஈன்றாலும் உயிரோடிருப்பதனால் அத்தாய்க்கு நட்டமில்லை. மனிதனின் சட்டப் புத்தகத்தில் உள்ள ஒரு பிரிவு, கரடியின் தாய்மைக் காலத்தையே நீட்டிவிட்டது. துப்பாக்கி இங்கே இயற்கைத் தேர்வின் இடத்தில் நின்று தேர்ந்தெடுக்கிறது.

இதே தாய்கள் பற்றி 2016இல் வெளிவந்த ஓர் உண்மை எண்ணத்தக்கது. இணைசேரும் பருவத்தில், ஆண் கரடிகள் மனிதக் குடியிருப்புகளை ஒதுங்கிச் செல்லும். ஆகவே குட்டிகளைக் காப்பாற்றிக்கொள்ளும் தாய்கள் மனித வீடுகளை அண்மித்தே திரிகின்றன. வேனிலில் மனிதனின் அயல் அவற்றுக்கு அரணாகிறது. ஓகஸ்ட் 21இல் வேட்டைப் பருவம் தொடங்குகிறது.

குடித்தொகை என்ற சொல்லே ஒருவகையில் ஏமாற்றுகிறது. மூட்டையிலுள்ள நெல்லைப் போலச் சில படி எடுத்தாலும் மிகுதி அப்படியே இருக்கும் என்ற எண்ணத்தை அது ஊட்டுகிறது. கரடிகளோ ஒன்றையொன்று அறிந்தும் அஞ்சியும் ஒதுங்கியும் வாழ்வன. ஒன்றை நீக்கினால் எஞ்சியவற்றின் வாழ்வு முன்போல இருப்பதில்லை. தத்துவவாதிகள் இருவரின் பெயர்கள் இங்கு நினைவுக்கு வருகின்றன. 1949இல் வெளியான தம் நூலில் அல்டோ லியோபோல்ட், உயிரும் மண்ணும் சேர்ந்த சமுதாயத்தின் முழுமையையே அறத்தின் அளவுகோலாக்கினார். அவர் தாமே வேட்டையாடியவர். 1983இல் ரொம் றீகன், முழுமையின் பெயரால் தனியுயிரைப் பலியிடுவது கொடுங்கோன்மைக்கு ஒப்பானது என எதிர்த்தார். இருவரும் இணங்க முடியாதவரென்றே அறவியல் வகுப்புகளிற் கற்பிக்கப்படுகிறது. சுவீடன் கரடிகளின் முன் இந்தப் பகைமை சற்றுத் தளர்கிறது. தனிக் கரடிக்கு நேர்ந்தது முழுமைக்கும் நேர்கிறது. முழுமையின் குலைவு மீண்டும் ஒரு தனிக் குட்டியின் மீது வந்து விழுகிறது.

மறுபக்கமும் உண்டு, அதனை மறைப்பது நேர்மையாகாது. வடக்கே பனிமான் மேய்க்கும் ‘சாமி’ எனப்படும் பழங்குடி மக்களுக்குக் கரடி ஒரு தத்துவப் பொருளன்று. மே, ஜூன் மாதங்களில் ஈனப்படும் பனிமான் கன்றுகளை அது தின்கிறது. அவர்களது பிழைப்பு அக்கன்றுகளிலேயே தங்கியுள்ளது. நகரத்திலிருந்து கரடிக்காகப் பரிந்து பேசுவது எளிது. அப்பரிவின் செலவை ஏற்பவர் வேறொருவர். மேய்ப்பன் தன் மந்தையைக் காக்கச் சுடும் குண்டுக்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை இழப்போடு ஒப்பிட்டு நிறுத்துப் பார்க்கவும் முடியும். ஆனால் பனிமான் மேய்க்கப்படாத காடுகளிலும் ஆண்டுதோறும் கரடிகள் சுடப்படுகின்றன. அங்கே நியாயமாகக் காட்டப்படுவதிற் பெரும்பகுதி ஒதுக்கீட்டு எண்ணே. அந்த எண்ணில் சுடப்பட்ட கரடிகள் மட்டுமே கணக்கிடப்படுகின்றன. சுடப்பட்ட ஆணின் காட்டில், அடுத்த வேனிலில் இறக்கும் குட்டி அதிற் சேர்வதில்லை.