துருவின்மேல் பட்டி



பூமியில் நாம் சேர்த்துவைக்கும் பொக்கிஷங்களைப் பூச்சியும் துருவும் அரித்துப்போடும் என்று நம் ஆண்டவர் மலைப் பிரசங்கத்தில் எச்சரித்திருக்கிறார். பூச்சி அரித்த புடவையை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். துருவின் வேலையைத்தான் நாம் கவனிப்பதில்லை. அது சத்தமிடாது, ஓட்டை விழுந்த பிறகே கண்ணுக்குத் தென்படும். ஆகையால் இத்தபசு காலத்தில், துருவோடு போராடுவதையே வேலையாகக் கொண்ட சில மனிதரிடம் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அவர்கள் சந்நியாசிகளல்ல, அமெரிக்க தேசத்துப் பட்டறைக்காரர்.

அத்தேசத்தில் ஹென்றி போர்டின் கம்பெனி 1932-ம் ஆண்டு, எட்டுச் சிலிண்டர் கொண்ட ஒரு காரைச் சாதாரண ஜனங்களுக்கும் எட்டும் விலையில் வெளியிட்டது. அதன் இயந்திரத்துக்கு 65 குதிரைத்திறன். சில வருஷங்களில் அவ்வண்டிகள் பழையனவாகி மலிந்தபோது, கலிபோர்னியா வாலிபர்கள் அவற்றை வாங்கி, மட்கார்டு முதலிய வேண்டாத பாரங்களைக் கழற்றி, இயந்திரத்தின் பலத்தைக் கூட்டி, மொஹாவி பாலைவனத்திலுள்ள முரோக் என்னும் வறண்ட ஏரிப் படுகையில் ஓட்டிப் பார்த்தார்கள். 1945-ம் ஆண்டு யுத்தம் முடிந்து, பட்டாளத்தில் இயந்திர வேலை கற்ற வாலிபர் வீடு திரும்பியதும் இவ்வழக்கம் பெருகிற்று. இப்படிப் புதுப்பலம் பெற்ற பழைய வண்டிக்கே 'ஹாட் ராட்' என்று பெயர். இன்றைக்கும் வயலோரத்திலும் பழைய கொட்டகையிலும் கிடக்கும் துருப்பிடித்த கார்க்கூடுகளைத் தேடியெடுத்து, மாதக்கணக்காய், சிலர் வருஷக்கணக்காய்ப் பாடுபட்டு, அவற்றை ஓட வைக்கிறார்கள். அவர்கள் இரும்புக்குச் செய்வதை நாம் நம் ஆத்துமத்துக்குச் செய்கிறோமா?

முதலாவது, துரு எப்படி வருகிறது என்று பாருங்கள். இரும்போடு காற்றும் ஈரமும் சேர்ந்தால் துரு பிடிக்கும்; உப்பும் கூடினால் வெகு சீக்கிரத்தில் பிடிக்கும். பனிக்காலத்தில் வீதிகளில் உப்புத் தூவுகிற டெட்ராய்ட் போன்ற வடதிசை நகரங்களில் ஓடிய வண்டிகள் விரைவில் அரித்துப்போகின்றன. கலிபோர்னியாவின் வறண்ட நிலத்தில் கிடந்தவையோ வெகுகாலம் தாங்குகின்றன. ஒரே கம்பெனி, ஒரே தகடு. இருந்த இடம்தான் வேறு. பாவ சமயங்களை விலக்க வேண்டுமென்று திருச்சபை ஓயாமல் சொல்வது எதற்கென்று இப்போது விளங்குகிறதா? "நான் திடமுள்ளவன், எந்தக் கூட்டத்திலும் கெடமாட்டேன்" என்கிறவன், உப்புத் தெருவில் நிற்கிற இரும்பு பேசுவது போலப் பேசுகிறான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அலுமினியத்தின்மேல் படரும் படலம் கெட்டியாய் ஒட்டிக்கொண்டு, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து, ஈரத்தைத் தனக்குள் பிடித்துவைத்து, அடுத்த அடுக்கையும் தின்கிறது. பாவமும் அப்படியே. முதல் பொய்யோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தவன், அதை மறைக்க இரண்டாவது பொய்க்கு இடங்கொடுக்கிறான்.

இரண்டாவது, அந்தப் பட்டறைக்காரன் துருவைத் தேடுகிற விதத்தைப் பாருங்கள். வெளியே பளபளக்கும் வர்ணத்தை அவன் நம்புவதில்லை. மழைநீர் வடிவதற்காகக் கதவுகளின் அடியில் சிறு துவாரங்கள் உண்டு. சருகும் மண்ணும் அவற்றை அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தேங்கி, தகட்டை உட்புறமிருந்து அரிக்கும். ஆகையால் அவன் குனிந்து, மல்லாந்து படுத்து, தரைத் தகட்டையும் இரண்டு தகடுகள் சேருகிற மூட்டுகளையும் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறான். கூரிய முனையால் குத்திப் பார்க்கிறான். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். கெட்டது மொத்தென்று சொல்லும். ஆத்தும சோதனை என்பது இதுவேயன்றி வேறல்ல. "பெரிய பாவமொன்றும் இல்லை, சுவாமி" என்று அரை நிமிஷத்தில் முடித்துவிடுகிறவர்கள், வர்ணத்தை மாத்திரம் பார்த்துவிட்டு எழுந்துபோகிறார்கள்.

மூன்றாவது காரியத்தை நான் வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. ஓட்டை கண்ட சிலர் அதை வெட்டியெறியாமல் பட்டி பூசி மூடிவிடுகிறார்கள். முற்காலத்தில் ஈயத்தை உருக்கித் தடவினார்கள். இக்காலத்தில் பிசின் கலந்த பட்டி வந்திருக்கிறது. தேய்த்து வர்ணம் அடித்துவிட்டால் புது வண்டி தோற்றுப்போகும். ஆனால் அடியில் துரு சாகவில்லை. சில மழைக்காலம் போனதும் வர்ணம் கொப்புளித்து, பட்டி பாளமாய்ப் பெயர்ந்து விழும். முன்னிருந்த ஓட்டையைவிடப் பெரிய ஓட்டை தெரியும்.

பட்டி பொல்லாத பொருளல்ல. நல்ல தகட்டின்மேல் சிறு மேடு பள்ளம் சமன்செய்ய அது உதவும். அப்படியே நம் பக்தி முயற்சிகளும் நல்லவையே. வேளாங்கண்ணிக்கு நடந்துபோவது நல்லது, அர்ச். அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றுவது நல்லது. கெபி கட்டக் காசு கொடுப்பதும் நல்லது. ஆனால் கூடப்பிறந்தவனோடு வரப்புச் சண்டையில் பத்து வருஷமாய்ப் பேச்சில்லை. தாயின் மரணப் படுக்கையிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதன்மேல் நடைப்பயணமும் மெழுகுதிரியுமா? தங்கைக்குச் சேரவேண்டிய பாகத்தை எழுதி வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்தில் கொடிமரத்துக்கு உபயமா? இது துருவின்மேல் பட்டியல்லவா? பீடத்தில் காணிக்கை வைக்கும் முன் சகோதரனோடு சமாதானமாகும்படி நம் ஆண்டவர் கட்டளையிட்டது இப்படிப்பட்டவர்களுக்காகவே.

நல்ல வேலைக்காரன் செய்வது என்ன? துரு இருக்கும் இடத்தை மட்டுமல்ல, அதைச் சுற்றிலும் நல்ல இரும்பு தென்படும் மட்டும் வெட்டியெடுக்கிறான். புதுத் தகட்டைக் கெட்ட விளிம்போடு பற்றவைத்தால் பற்றாது, இழுத்துக்கொண்டு வந்துவிடும். பழைய வஸ்திரத்தில் கோடித் துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் அதிகமாகும் என்று நம் இரட்சகர் சொன்ன உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கேயு தன் விருந்தாளியின் முன் எழுந்து நின்று, வஞ்சித்து வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னானே, அதுதான் நல்ல இரும்பு மட்டும் வெட்டுவது. "சுவாமி, மன்னித்துவிட்டேன்; ஆனால் அவன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்" என்கிறவர்கள் துரு விளிம்பை விட்டுவைக்கிறார்கள்.

அந்தத் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ளது. ஒரே மூச்சில் பற்றவைத்துக்கொண்டு போனால் சூட்டில் நெளிந்துவிடும். ஆகவே இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைக்கிறான். தபசு காலத்தின் முதல் வாரத்திலேயே அர்ச்சியசிஷ்டவராகிவிடத் துடித்து, மூன்றாம் வாரத்தில் சோர்ந்து விழுகிறவர்கள் இதைக் கற்றுக்கொள்ளட்டும். இன்றைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த வாரம் ஒரு முறை போய்ப் பாருங்கள். தேவ வரப்பிரசாதம் பொறுமையாய் வேலை செய்யும்.

நாலாவது, துரு நீங்கின வெறும் இரும்புக்கு ஓர் ஆபத்து உண்டு. சுத்தமான தகட்டைப் பிரைமர் பூசாமல் ஈரக்காற்றில் விட்டால், சில மணி நேரத்துக்குள்ளும் புதுத் துரு மஞ்சள் பூத்துவிடும். பெருக்கி அலங்கரித்த வீடு வெறுமையாயிருந்ததால், ஓடிப்போன அசுத்த ஆவி தன்னிலும் கெட்ட ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்ததல்லவா? பாவசங்கீர்த்தனம் செய்த ஆத்துமத்தை வெறுமையாய் விடாதேயுங்கள். திவ்விய நற்கருணையால் நிரப்புங்கள், ஜெபமாலையால் மூடுங்கள், குடிப்பவன் குடியை விட்ட மாலைவேளைகளை நல்ல வேலையால் நிரப்பட்டும்.

கடைசியில்தான் இயந்திரம் வருகிறது. 1932-ம் ஆண்டு போர்டு வண்டியின் பிரேக், கம்பித் தண்டால் இழுபடுவது. அக்கம்பெனியார் 1939-ம் ஆண்டு மாடலில்தான் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் பிரேக்கைக் கொடுத்தார்கள். ஆகையால் விவேகமுள்ளவர்கள், பலத்த இயந்திரத்தை வைக்கும்போது அந்தப் பிற்காலத்துப் பிரேக்கையும் பொருத்தினார்கள். சேஸிஸ் சட்டத்துக்கும் பலம் கொடுத்தார்கள். வீதிகளில் பந்தயம் ஓடி உயிர்ச்சேதம் விளைத்தவர்களும் உண்டு. அவர்களை வீதியிலிருந்து விலக்கி, ஒழுங்கான ஓடுபாதைக்குக் கொண்டுவருவதற்கே 1951-ம் ஆண்டு தேசிய ஹாட் ராட் சங்கம் ஏற்பட்டது. வாலிபரே, உங்கள் வேகத்தைத் திருச்சபை பகைக்கவில்லை. பிரேக்கும் பாதையும் வேண்டுமென்றே கேட்கிறது.

இனி, இதை வாசித்து, "சுவாமி, என்னிடத்தில் வெட்டி ஒட்டுவதற்கும் நல்ல இரும்பு மீதியில்லை, நான் காயலான் கடைக்குப் போகவேண்டியவன்" என்று மனதுக்குள் சொல்லுகிற ஒருவர் நம் பங்கிலே இருக்கலாம். அவருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பழைய காரின் வடிவத்திலேயே புத்தம் புதிய எஃகுக் கூடுகள் இன்று விற்கின்றன. காசு கொடுத்தால் ஓட்டை ஒன்றுமில்லாத கூடு கிடைக்கும். ஆயினும் அநேகர் அவற்றை விட்டு, கொட்டகையில் துருவேறிக் கிடக்கும் அந்தப் பழைய கூட்டையே தேடிப் போகிறார்கள். ஏன்? அதுதான் உண்மையானது. சர்வேசுரனும் உமக்குப் பதிலாக வேறொருவரைச் செய்துகொள்ளச் சித்தங்கொள்ளவில்லை. உம்மையே தேடுகிறார். உத்தான நாளில் மகிமையோடு எழும்புவதும் வேறொரு சரீரமல்ல, இந்தச் சரீரமே என்று விசுவசிக்கிறோம். உமக்குத் தாம் விதித்த விலையை அவர் சிலுவையில் முன்னமே செலுத்திவிட்டார்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியின் கதவு திறந்திருக்கிறது. பட்டியை வீட்டில் வைத்துவிட்டு, துருவை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உங்களுக்காக ஜெபிக்கும்,
பங்குக் குரு